பொழிமுகத்தில் ஐடிலிங்

ஆறு கடலில் விழும் எங்கள் பொழிமுகம் வருஷத்துக்கு ஒருத்தனையாவது காவு வாங்காமல் விடாது. அதனால் அரசாங்கம் ஒரு புது மீட்புப் படகு கொடுத்தது. விழாவுக்கு வந்த அதிகாரி, போட்டோவுக்காக எஞ்சின் ஓடவும் வேண்டும், தன் பேச்சுக்காகச் சத்தம் வரவும் கூடாது என்றார்.

“ஐடிலிங்கைக் குறை,” என்றார் மெக்கானிக் ததேயுவிடம். கியர் போடாமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைத்தான் சொன்னார்.

“இது பாய்ச்சலுக்குச் செஞ்ச எஞ்சின், சார். இதுக்குமேல கொறச்சா கியர் போட்டதும் அணைஞ்சு போவும்.”

“எனக்கே சொல்லித் தரியா? குறை. இனிமேலும் அப்படியே இருக்கட்டும்.”

ததேயு எஞ்சினின் திருகாணியைத் திருப்பினான். எஞ்சின் முனகலாக அடங்கியது. அதிகாரி ஆசை தீரப் பேசினார்.

பேசி முடித்து மாலையோடு நின்றவரிடம் ததேயு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினான்.

“ஏறுங்க, சார். முதல் ஓட்டம் உங்களோடதுதான். பொழியில கியரை எடுத்துட்டு அலை பார்த்து நிப்போம். பெரிய அலை போனதும் கியர் போடணும். அப்ப எஞ்சின் அணைஞ்சா அடுத்த அலை நம்மளப் பாறையில கொண்டு அடிக்கும். நீங்க கைகாட்டிக்கிட்டு நின்னா போதும்.”

அதிகாரி பாறைகளைப் பார்த்தார். ஜாக்கெட்டைத் தொடவில்லை.

“கூட்டி வை,” என்றார் மெதுவாக.

கூட்டம் சிரித்தது. ததேயு சிரிக்காமல் குனிந்து திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான்.

முந்தைய படகுக்கும் இப்படித்தான் விழா நடந்தது. பேச்சுக்காகக் குறைத்த எஞ்சினோடு அன்று பொழிக்குள் போய்த் திரும்பாதவன் ததேயுவின் அண்ணன். அன்று அதிகாரியை ஏறச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.