ஆறு பரப்புக் காணி

"சட்டம் என்ர பக்கம். பிறகேன் அம்மா எனக்கு மனம் ஆறுதில்லை?"

தில்லையம்பலம் மடத்து வாசலில் நின்றபடியே கேட்டார்.

தீவு மடத்தின் துறவி அம்மையார் அவரைவிட இருபது வயது இளையவர். துறவுக்கு முன்னர் பத்திரப் பதிவு செய்யும் ஒரு நொத்தாரிசரிடம் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதிக்கொண்டிருந்தவர்.

"இருந்து சொல்லுங்கோ ஐயா."

சொன்னார்.

தகப்பன் வழி வந்த ஆறு பரப்புக் காணி. தங்கை பராசக்தி கலியாணத்தோடு சீதன வீடு வாங்கிக்கொண்டு அக்கரைக்குப் போனவள். சீதனம் வாங்கிய மகளுக்குத் தாய்தகப்பன் காணியில் பங்கில்லை. அது தேசவழமைச் சட்டம்.

அந்தச் சீதன வீடு சண்டையில் தரைமட்டமாகிவிட்டது. புருஷனும் செத்துப்போனான். எட்டு மாதமாக அண்ணனின் காணி மூலையில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

"எழும்பச் சொன்னன். எழும்பேல்லை. கோட்டில வழக்குப் போட்டன். நாளைக்குத் தவணை."

"காணி உங்கடதான்," என்றார் அம்மையார். "சட்டத்தில ஒரு சந்தேகமுமில்லை."

தில்லையம்பலத்தின் முகம் தெளியவில்லை.

"உறுதி கையில இருக்கோ?"

"இருக்கு."

"வாங்கோ, எல்லை பாப்பம்."

உச்சி வெயிலில் இருவரும் நடந்தார்கள். காணியின் நடுவில் அம்மையார் நின்றார்.

"உறுதியில எல்லையை வாசியுங்கோ."

"வடக்கு, கதிரிப்பிள்ளை வளவு."

"எங்கை கதிரிப்பிள்ளை?"

"பிள்ளையள் கனடாவுக்குக் கூப்பிட்டிட்டினம்."

"மேற்கு?"

"முடியப்பு வீடு. மனுசன் செத்து ஆறு வரியம். பூட்டிக் கிடக்கு."

"தெற்கு?"

"சின்னாச்சிப்பிள்ளையின்ர பனங்காணி." அவர் குரல் இறங்கிற்று. "இந்தியாவுக்கெண்டு வள்ளமேறினவ. பிறகொரு சேதியுமில்லை."

"கிழக்கு?"

"கடல்."

"அது இருக்கு," என்றார் அம்மையார்.

காற்று பனையோலைகளை உரசிக்கொண்டு போனது. வேறு சத்தமில்லை.

"போன மாரியில உங்களுக்குக் கடும் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டன். ஆர் பாத்தது?"

"ஒருத்தருமில்லை."

"சாப்பாடு?"

தில்லையம்பலம் உறுதியை மடித்தார். பிறகு விரித்தார். மறுபடி மடித்தார்.

"காலமையில வேலிப் படலையடியில ஒரு சட்டியில கஞ்சி இருக்கும். காய்ச்சல் கிடந்த மூண்டு நாளும் இருந்தது."

"ஆர் வைச்சது?"

"நான் கேக்கேல்லை அம்மா."

அம்மையார் மடத்துப் பக்கம் திரும்பி நடந்துவிட்டார்.

தில்லையம்பலம் வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு மூலைக் கொட்டிலை நோக்கிப் போனார். எட்டு மாதத்தில் அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததில்லை.

பராசக்தி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனையும் கையிலிருந்த உறுதியையும் கண்டதும் எழுந்து ஒதுங்கி நின்றாள்.

"நாளைக்கு முதல் படகுக்கு வெளிக்கிட்டு நில்," என்றார். "அடையாள அட்டையையும் எடு."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கோட்டுக்குத்தானே அண்ணை? வாறன்."

"கோட்டுக்கில்லை."

கொட்டிலின் ஓட்டைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நொத்தாரிசரிட்ட. உன்ர பேருக்கு மூண்டு பரப்பு எழுத."