எட்டாவது ஆள்

அறந்தாங்கியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. அங்கே ஒரு குரு, ஒரு சீடர். சீடருக்கு ஐம்பத்தொரு வயது. குருவுக்கு முப்பத்து நாலு. யார் யாருக்கு முதலில் வணக்கம் வைப்பது என்று ஒரு வாரம் இரண்டு பேருமே தடுமாறினார்கள்.

சீடர் பெயர் நல்லதம்பி. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க." இதைச் சொல்லியே வேலைக்காலத்தை ஓட்டிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மனிதர்களுக்கு உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்தாயிற்று, இனி வெளியே இருப்பதைப் பார்ப்போம் என்று ஆசை.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. முகூர்த்த மாசத்தில் அவளிடம் தேதி வாங்குவதற்குள் மாப்பிள்ளையே கிடைத்துவிடுவார். நல்லதம்பி அவளை "மாஸ்டர்" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள். பேர் தம்பி, முறை அண்ணன்.

வியாழக்கிழமை அவருக்கு முதல் கல்யாணம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் கனகத்தின் மகள் கல்யாணம். புருஷன் போனபின் கனகம் ஒற்றை ஆளாக வளர்த்த ஒரே பெண். "வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், நீங்கதான் எடுக்கணும்ணே" என்று கனகம் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து நல்லதம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டேவிட்டார்.

"மாஸ்டர், தாலி கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு முடிச்சு. பத்து செகண்டு."

"அந்தப் படம் தவறிட்டா?"

"தவறினது தவறினதுதான்."

"எக்ஸ்ரேன்னா மறுபடி படுக்கப் போட்டுக்கலாம். மாப்பிள்ளைகிட்ட போய், அவுத்துட்டு இன்னொரு தடவை கட்டுங்கன்னு கேக்க முடியுமா?"

"கேட்டுப் பாருங்க. உங்களுக்கு விழற அடியை நான் படம் எடுக்கறேன்."

"விளையாடாதீங்க மாஸ்டர். கனகம் என்னை நம்பியிருக்கு. நான் எங்க நிக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

மங்கையர்க்கரசி எழுந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டாள். ஒன்று பெண், ஒன்று மாப்பிள்ளை. இரண்டு பக்கமும் லைட் குடைகளை விரித்தாள். ஒரு நூலில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆரம்பிக்கலாமா?"

அவள் குரல் மாற்றுவதில் கெட்டிக்காரி. ஸ்டுடியோவுக்குப் போன் வந்தால் நாலு பேர் வேலை செய்கிற மாதிரி நாலு குரலில் பேசுவாள். இப்போது மண்டபத்தையே தொண்டைக்குள் வைத்திருந்தாள்.

"ஏம்ப்பா போட்டோ, நான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். என்னை எடுக்காம அங்க என்ன எடுக்கற?"

நல்லதம்பி திரும்பி ஒரு படம் எடுத்தார்.

"தம்பி, பெரியம்மாடா. இந்தப் பக்கமா எடு, அந்தப் பக்கம் பல்லு இல்ல."

திரும்பினார்.

"சார், அடுத்த பந்தி போட்டாச்சு, அப்புறம் ரசம்தான் இருக்கும்."

சமையல்காரர் பக்கமும் திரும்பினார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று அய்யர் குரலில் சொல்லி, வாயாலேயே தவிலும் வாசித்து, நாற்காலி முதுகில் நூலை முடிந்துவிட்டாள் மங்கையர்க்கரசி. கேமராவில் இல்லாத சமையல்காரரின் படம் அழகாக விழுந்திருந்தது.

இரண்டாம் முறை மாப்பிள்ளையின் சிநேகிதன் வந்தான். "தலைவா, ஒரு சிங்கிள்." வீடியோக்காரர் முழங்கையால் இடித்தார். "கொஞ்சம் தள்ளுங்க, ஃப்ரேம்ல உங்க தொப்பை வருது." ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பதற்றத்தில் நல்லதம்பி நாற்காலியைப் பார்த்து, "மூச்சைப் பிடிங்க" என்றார். தாலி கட்டி முடிந்திருந்தது.

மூன்றாம் முறை அவர் கல்லாக நின்றார். ஏழு குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாமன் திட்டினார், பெரியம்மா கொஞ்சினாள். அவர் அசையவில்லை. நடுவில் மங்கையர்க்கரசி உடை மாற்றும் அறையின் வாசலில் போய் ஒரு பேச்சும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். சத்தம் இல்லாத அந்தச் சமயத்தில் அவர் பேட்டரியைச் சரிபார்த்துக்கொண்டார். அப்புறம் கெட்டிமேளம். மூன்று முடிச்சும் விழுந்தன, மூன்று படமும் விழுந்தன.

"கிடைச்சிருச்சு மாஸ்டர்" என்றார். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"நல்லது. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்திருந்தாங்க?"

விரல் விட்டார். "மாமன், பெரியம்மா, சமையல்காரர், சிநேகிதன், வீடியோ, குழந்தை, அய்யர். ஏழு பேர்."

"எட்டு."

"எட்டாவது குரல் எனக்குக் கேக்கலையே."

அவள் அலமாரியிலிருந்து கனமான ஓர் ஆல்பத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவளுடைய கல்யாண ஆல்பம்.

நல்லதம்பி புரட்டினார். தாலி கட்டும் படத்தில் நிறுத்தினார். விரலில் நூல், குனிந்த கழுத்து, அந்தரத்தில் நிற்கிற அட்சதை.

"இதுதான் மாஸ்டர் நான் கேட்ட படம்."

"நல்ல படம்தான்."

மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இந்த முறை எக்ஸ்ரே பிலிமைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மங்கையர்க்கரசியின் அப்பா ஏழு படங்களில் இருந்தார். மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூலின் மேல், சட்டத்துக்குள், சந்தன மாலையோடு.

"உங்க அம்மா எங்க மாஸ்டர்?"

"ஏன், இல்லையா?"

"ஒண்ணுலயும் இல்ல. கல்யாணத்துக்கு வந்திருந்தாங்களா?"

"வராம? சாமான் ரூம் சாவியே அவங்ககிட்டதான் இருந்துச்சு."

நல்லதம்பி ஆல்பத்தை மூடினார். பிறகு போனை எடுத்துக் கனகத்தைக் கூப்பிட்டார்.

"கனகம், வியாழக்கிழமை தாலி கட்டுற நேரத்துல நீ எங்க இருப்ப?"

"நான் எங்கயாச்சும் இருப்பேண்ணே. என்னை எதுக்குத் தேடறீங்க?"

"இல்ல, சொல்லு."

"கொழுந்தனாரும் அவர் சம்சாரமும் தாரை வாத்துக் குடுக்கறாங்க. நான் மேடை ஏறினா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. சாமான் ரூம்ல இருப்பேன், தாம்பூலப் பை போட ஆள் வேணும்ல. நீங்க புள்ளையை நல்லா எடுங்க, அது போதும்."

போனை வைத்துவிட்டு அவர் எழுந்தார். உடை மாற்றும் அறையின் வாசலுக்குப் போனார். குரு சற்று முன் நின்ற அதே இடத்தில் நின்று நாற்காலிகளைப் பார்த்தார். லைட் குடையின் கறுப்பு முதுகு மறைத்தது. எம்பிப் பார்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். மாப்பிள்ளை நாற்காலியின் ஒரு கால் தெரிந்தது.

"மாஸ்டர், இங்கேருந்து தாலி கட்டுறது தெரியலையே."

மங்கையர்க்கரசி நாற்காலி முதுகிலிருந்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதுன்னுதான் எங்கம்மா சொன்னாங்க."