வளைவில் இறக்கிய மணி

மலைமேல் ஓர் ஊரும், ஊருக்கு மேல் மேகங்களும், கீழே சமவெளியில் ஒரு பெருமைக்கார அரசனும் இருந்த காலம் அது. காதைக் கொடுங்கள், சொல்கிறேன்.

மலைமேல் இருந்த ஊருக்குத் தேன்வரை என்று பெயர். அந்த வருஷம் காட்டுத்தீயில் அவர்களுடைய விதைக் குதிர்கள் எல்லாம் எரிந்து போயின. மழைக்கு இன்னும் நாலே நாள். அதற்குள் தினை விதை வந்து சேராவிட்டால், வருஷம் முழுக்க அந்த ஊரின் அடுப்புகளில் பூனைதான் தூங்கும்.

சமவெளி அரசன் நல்லவன்தான். ஆனால் செய்கிற நல்லதை நாலு பேர் பார்க்க வேண்டும் அவனுக்கு. மூன்று வண்டிகளைப் பிடித்தான். ஒவ்வொன்றிலும் இருபது குடம் விதை. கூடவே ஊருக்கு ஓர் அன்பளிப்பு. கொற்றன் வண்டிக்கு ஒரு கல்விளக்கு, சடையன் வண்டிக்கு ஒரு செப்பு அண்டா, அங்கம்மை வண்டிக்கு ஒரு வெண்கல மணி.

"அன்பளிப்பு உச்சியில இருக்கணும். வழியில எல்லா ஊரும் பார்க்கணும். மகாராஜா உத்தரவு" என்றார் அரண்மனைக் காரியக்காரர்.

கொற்றன் வேகக்காரன். குடங்களை மளமளவென்று அடுக்கி, மேலே கல்விளக்கை நிறுத்தி, கிளம்பிவிட்டான். சடையன் பலசாலி. கயிற்றை ஒரே இழுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டு, இனி இதை யாராலும் அவிழ்க்க முடியாது என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

அங்கம்மைக்கோ பயம். போன வருஷம் இப்படித்தான் ஒரு மேட்டில் ஏறும்போது அவள் வண்டியில் பாரம் பின்னால் சரிந்தது. நுகத்தடி மேலே எழும்பி, மாட்டை அதில் பூட்டும் பூட்டாங்கயிறு அவளுடைய செவலைக் காளையின் கழுத்தை இறுக்கிவிட்டது. அவள் இறங்கி ஓடிவந்து அறுப்பதற்குள் செவலை போய்விட்டது. பெற்ற பிள்ளை போனதுபோல் அழுதாள். அன்றிலிருந்து பாரம் சரியுமோ என்ற நினைப்பு அவளை விட்டதில்லை.

அதனால் மணியை அடியில் வைத்தாள், அச்சுக்கு நேர் மேலே. சுற்றி வைக்கோலைத் திணித்தாள். குடத்துக்கும் குடத்துக்கும் நடுவே வைக்கோல் புரி வைத்தாள். நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்தாள். கழுத்தை அமுக்கவும் இல்லை, மேலே எழும்பவும் இல்லை. பிறகுதான் கயிறு கட்டினாள்.

"மணி எங்கம்மா?" என்று காரியக்காரர் பதறினார்.

"அடியில இருக்குங்க. மேல ஏத்தினா வண்டி தலை கனத்துடும்."

"அதுக்குப் போட்ட மாலை?"

"அது மேலதான் இருக்குங்க, பாருங்க."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். காரியக்காரர் சிரிக்கவில்லை.

வண்டிகள் போயின. ஒரு காத தூரம் போனதும் அங்கம்மை இறங்கினாள். ஓட்டத்தில் பாரம் அமர்ந்து, கயிறு தொளதொளத்திருந்தது. இறுக்கினாள். ஓடையைத் தாண்டியதும் இறங்கி இறுக்கினாள். மலையடிவாரத்தில் மறுபடியும் இறங்கினாள்.

"வண்டி ஓட்ட வந்தியா, கயிறு திரிக்க வந்தியா?" என்று கேலி செய்துவிட்டு முன்னால் போனான் சடையன்.

மலைப்பாதையின் மூன்றாம் வளைவில் பாதை அடைபட்டிருந்தது. கொற்றன் வண்டி கவிழ்ந்து கிடந்தது. வேகமாகத் திரும்பியதில் உச்சியில் இருந்த கல்விளக்கு வண்டியையே சாய்த்துவிட்டது. அச்சு முறிந்து, ஆறு குடங்கள் உடைந்து, விதை பள்ளத்தில் சிந்தியிருந்தது. நல்லவேளை, மாடுகள் தப்பின. கொற்றன் கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மிச்சம் பதினாலு குடம் இருக்கு. ஆளுக்கு ஏழா எங்க ரெண்டு பேர் வண்டி மேலயும் அடுக்கிக்கலாம்" என்றான், முன்பே அங்கே வந்து நின்றிருந்த சடையன்.

அங்கம்மை அவனுடைய கயிற்றைப் பிடித்து இழுத்தாள். யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு அப்படியே இருந்தது. கயிறுதான் ஊஞ்சலாகத் தொங்கியது. சடையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேல ஒண்ணும் ஏத்தக் கூடாது. மணியையும் அண்டாவையும் இறக்கிடலாம். அந்தப் பாரத்துக்குப் பதிலா விதை போகட்டும்" என்றாள் அங்கம்மை.

"மகாராஜா குடுத்ததையா? தலை போயிடும், தங்கச்சி!"

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. மணியை எடுக்க வண்டி முழுவதையும் பிரித்தாக வேண்டும், நேரம் போகும். ஆனாலும் பள்ளத்தில் கிடந்த விதையைப் பார்த்தாள். செவலையை நினைத்தாள். கயிற்றை அவிழ்த்தாள்.

சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு மணியைத் தூக்கிப் பாதையோரம் வைத்தான். அண்டாவையும் வைத்தான். இருவரும் கவிழ்ந்த வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதலிலிருந்து அடுக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்திக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். கொற்றன் தன் மாடுகளைப் பிடித்தபடி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல்லோடு நொண்டி நொண்டி வந்தான். இந்த முறை யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

ஐம்பத்து நாலு குடமும் தேன்வரை சேர்ந்தன. கடைசிக் குடத்தை வீட்டுக்குள் வைத்த பிறகுதான் முதல் தூறல் விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து, தன் அன்பளிப்பைப் பார்க்க அரசன் மலையேறி வந்தான். மூன்றாம் வளைவில் கல்விளக்கும் அண்டாவும் மணியும் மழையில் நனைந்து கிடந்தன. அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கம்மையைக் கூப்பிட்டனுப்பினான்.

"என் மணியை நடுவழியில் போட்டது நீதானா?"

"ஆமாங்க. மணி கெட்டுப் போகாது, மகாராஜா. மழை காத்திருக்காது."

அரசன் நிமிர்ந்து பார்த்தான். மலைச்சரிவு முழுவதும் தினைப் பயிர் பச்சைப் பசேலென்று ஆடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தான். கோபம் எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

விளக்கையும் அண்டாவையும் ஊருக்குக் கொண்டுபோய், மணியை மட்டும் அந்த வளைவிலேயே கட்டித் தொங்கவிடச் சொன்னான். அன்று முதல் அந்தப் பாதையில் வரும் வண்டிக்காரர்கள் அங்கே இறங்கி, கயிற்றை இறுக்கிவிட்டு, மணியை ஒரு முறை அடித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். நாலு பேர் பார்க்கட்டும் என்று அனுப்பிய மணி, அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தினமும் கேட்டது.

ஆகவே கேட்டவர்களே, ஊர் பார்க்க ஏற்றிய பாரம் பாதி வழியில் கவிழும், போய்ச் சேர வேண்டும் என்று அடுக்கி, கட்டி, இறங்கி மறுபடியும் பார்க்கிற பாரமே வீடு சேரும்.