விரல் நுழைகிற இடைவெளி

மலைப்பாதையில் டயர் வெடித்து ஒரு கார் உருண்டது. ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். பின்சீட்டில் பாட்டிக்கும் சித்திக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அவருடைய மகள் பிழைக்கவில்லை.

அந்தக் காருக்கு அகலமான வீலும் டயரும் மாட்டியவன் சேவியர். அடக்கத்துக்குப் போய்விட்டு நேராகப் பட்டறைக்கு வந்தான். அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பரிமளா அவனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

"தப்பு யார் மேலங்க அக்கா?"

"நீங்களே சொல்லுங்க."

"அவரு மேலதான். பழைய டயரே போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா? வண்டி பயில்வான் மாதிரி நிக்கணுமாம்!"

"அப்புறம்?"

"மாட்டிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரலை விட்டுப் பார்த்தேங்க. தாராளமா நுழைஞ்சுது. ஓட்டியும் பார்த்தேன், உரசல் சத்தமே இல்ல. அப்புறம் நான் எப்படிங்க பொறுப்பு?"

சொல்லச் சொல்ல அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது. யாரும் அவனை எதிர்த்துப் பேசியிருக்கவில்லை.

பரிமளா வேறொரு காரைக் காட்டினாள். சாயங்காலம் டெலிவரி. அதே அகல டயர். அதையும் மாட்டியவன் அவன்தான்.

"விரலை விடுங்க."

பின்சக்கரத்தின் மேலே விட்டான். நுழைந்தது.

"பாருங்க!" என்றான், கேஸ் ஜெயித்தவன் மாதிரி.

"எடுக்காதீங்க." அவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். வெல்டர் ரஹீம், பெயிண்டர் குப்புராஜ், டிங்கர் மணியன், மூவரும் வந்தார்கள்.

"பின்னால ஏறி உக்காருங்க."

"எங்கேக்கா, டூரா?" என்றான் குப்புராஜ். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

ரஹீம் ஏறினான். வண்டி தணிந்தது. குப்புராஜ் ஏறியதும் மட்கார்டின் விளிம்பு விரலை அழுத்தியது. மணியன் கால் வைப்பதற்குள் சேவியர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. மணியனும் உட்கார்ந்தான். தகட்டின் விளிம்பு டயரின் மேல் பதிந்து நின்றது.

சேவியர் விரலை வேட்டியில் சுற்றிக்கொண்டான். அப்போதும் விடவில்லை.

"அன்னைக்கு அவரு தனியாத்தானுங்க வந்தாரு. வண்டியில வேற ஒருத்தருமே இல்லைங்க அக்கா."

"பின்சீட்டு இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள் பரிமளா.