நாலு மணிக் கெண்டி

பினாங்கில் மாசிலாமணியின் தையல் கடைக்கும் போ செங்கின் தேயிலைக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். போ செங் சீனர். மாசிலாமணி அவரைத் 'தவுக்கே' என்று கூப்பிடுவார். முதலாளி என்று அர்த்தம். அப்படியொன்றும் பெரிய முதலாளி இல்லை, எல்லாம் கேலிதான். தினமும் நாலு மணிக்குத் தவுக்கே ஒரு சின்ன மண் கெண்டியோடு வருவார். வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துவார். நிறுத்தாவிட்டால் மாசிலாமணி எழுந்திருக்கிற ஆளா? ஒரு தீபாவளி நெருக்கத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் தைத்து, மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தவர் அவர்.

இந்தக் கெண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளே மெருகு பூசாத செம்மண். இருபத்தாறு வருஷமாக அதில் ஒரே டீ, தவுக்கேயின் மனைவி ஆ ஹூன் தன் கையால் வறுத்த இலை. ஊற்ற ஊற்ற மண் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். சோப்புப் பட்டால் சோப்பையும் குடித்துவிடும். குழாய்த் தண்ணீரைக்கூட ஒரு ராத்திரி ஜாடியில் வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் கொதிக்க வைப்பார்கள். ஆ ஹூன் இறந்தபோது நாற்பத்தொன்பது நாள் துக்கம் காத்தார்கள். அதுவரை கெண்டியைக் கவிழ்த்து வைத்திருந்த தவுக்கே, ஐம்பதாம் நாள் எடுத்து டீ போட்டார். ருசி அப்படியே இருந்தது. இரண்டு ஆண்களும் வாய்விட்டு அழுதார்கள். அதன் பிறகு அவள் பக்குவத்தில் அவரே இலை வறுத்துக்கொண்டார். அந்தக் கெண்டிச் சுவரில் அவள் இன்னும் இருக்கிறாள் என்பது அவர் நம்பிக்கை. நமக்கென்ன, நம்பிவிட்டுப் போகட்டும்.

பேரனைப் பார்க்க ஆஸ்திரேலியா புறப்பட்டபோது, கெண்டியையும் அறுபது நாளைக்கு ஒரு டப்பா இலையையும் மாசிலாமணியிடம் கொடுத்தார். இரண்டே சொல் சொன்னார். வேறு இலை போடக்கூடாது. நாலு மணி டீ ஒரு நாளும் நிற்கக்கூடாது. மாசிலாமணி கையடித்துக் கொடுத்தார்.

முதல் நாளே மாசிலாமணியின் மனைவி பொற்கொடி, உள்ளே ஒரே கறை என்று சோப்பும் நாருமாக உட்கார்ந்துவிட்டாள். மனுஷன் ஓடிப்போய்ப் பிடுங்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அறுபது நாள் ஆயிற்று. டப்பாவும் காலி. தவுக்கே அங்கே படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டதால் இன்னும் ஒன்றரை மாதம் ஆகும் என்று சேதி வந்தது. போன் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டால் அந்தக் கிறுக்கு மனுஷன் கட்டுப்போட்ட காலோடு விமானம் ஏறிவிடுவான் என்று மாசிலாமணி மறுத்துவிட்டார்.

அறுபத்தோராம் நாள் கெண்டியில் வெறும் வெந்நீரை ஊற்றிப் பார்த்தார். என்ன ஆச்சரியம், டீ வாசம் வந்தது, இளநிறமும் வந்தது. இரண்டு சொல்லும் காப்பாற்றியாயிற்று என்று பூரித்துப்போனார். ஆனால் நாளுக்கு நாள் வாசம் குறைந்தது. எட்டாம் நாள் வந்தது வெறும் வெந்நீர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பொற்கொடியிடம் சொன்னார்:

"நான் குடிச்சது தண்ணி இல்ல புள்ள. அந்தம்மா இத்தனை வருஷமா ஊத்தி வச்சத நான் எட்டு நாள்ல குடிச்சுத் தீத்துட்டேன்."

அப்படியும் கொடுத்த வாக்கு வாக்குதான், நாளைக்கும் வெந்நீர் ஊற்றுவேன் என்றார். பொற்கொடிக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. சாயம் போன சுவருக்கு மறுபூச்சுப் பூசுவதில்லையா, அதே ஜாதி இலையைக் கடையில் வாங்கிப் போட்டால் மண் மறுபடி குடித்துக்கொள்ளும் என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் செண்பகம் இருவர் பேச்சையும் கேட்டாள். கெண்டியை நன்றாகத் துடைத்து, மூடியைத் தனியே எடுத்து, தன் அலமாரியில் கவிழ்த்து வைத்துப் பூட்டினாள். அன்று முதல் நாலு மணிக்கு அவளோ அம்மாவோ மிஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, கண்ணாடி டம்ளரில் சாதாரண டீயை நீட்டினார்கள். மகள் தன்னை வாக்குத் தவற வைத்துவிட்டாள் என்று மாசிலாமணி அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார். டீயை மட்டும் குடித்தார்.

தவுக்கே ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். நடந்ததை மாசிலாமணி ஒளிக்காமல் சொன்னார். தவுக்கே புது இலை வறுத்து, கெண்டியில் போட்டு, கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வெந்நீர் ஊற்றியாவது இரண்டு சொல்லையும் காக்க நினைத்த மாசிலாமணியா, வேறு இலையால் சுவரை நிரப்பப் பார்த்த பொற்கொடியா, கெண்டியைக் காயப்போட்ட செண்பகமா, இதில் யார் செய்தது சரி?

விடை: செண்பகம்தான். வேறு இலை கூடாது என்றது கெண்டிக்காகச் சொன்னது. பொற்கொடி சொன்னபடி செய்திருந்தால் கெண்டியில் வேறு ருசி குடியேறியிருக்கும். மாசிலாமணி வெந்நீர் ஊற்றிக்கொண்டே போயிருந்தால் மிச்ச ருசியும் கரைந்திருக்கும். காய்வதால் அதற்குக் கெடுதலே இல்லை, நாற்பத்தொன்பது நாள் காய்ந்து பழைய ருசியோடு எழுந்த கெண்டி அது. அப்படியானால் நாலு மணி டீ யாருக்காக? தவுக்கே கண்ணைத் திறந்து, "ஆ ஹூன் கொஞ்சம் இளைச்சிருக்கா, பரவால்ல, தேறிடுவா" என்றார். பிறகு நண்பரைப் பார்த்து, "கெண்டிக்கு மணி பாக்கத் தெரியுமா? நாலு மணின்னு நான் சொன்னது உனக்குடா, மடையா" என்றார். மாசிலாமணி எழுந்து, தனக்கு ஊற்றிய கிண்ணத்தை மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.