பிரிஸ்காவின் வெள்ளைக் கதவு

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, இலத்தீன் மொழி பேசிய ஒரு சிற்றூரில் பிரிஸ்கா என்றொரு பெண் இருந்தாள். கணவன் இல்லை. ஒரு துண்டு நிலத்தில் அவரைக்கொடி போட்டிருந்தாள். அதுதான் அவளுக்குச் சோறு.

அது மழை பொய்த்த வருடம். வாய்க்காலில் வந்த கொஞ்சத் தண்ணீரை, நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பாய்ச்சினார்கள். இன்று யார் முறை என்று ஊர்த்தலைவர் சொல்வார். ஒரு மைனா வீடு வீடாகப் பறந்து அறிவிக்கும்.

ஒரு காலையில் பிரிஸ்கா மடைக்குப் போனால், பக்கத்து நிலத்துக்காரர் துல்லியுஸ் மண்வெட்டியோடு நிற்கிறார்.

“இன்றைக்கு என் முறை. மைனா சொன்னது.”

“என்னிடமும் அப்படித்தான் சொன்னது” என்றாள் அவள்.

பேச்சு தடித்தது. துல்லியுஸ் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். மைனா பதறி நடுவில் வந்து இறங்கியது.

“தலைவர் சொன்னது மறந்துபோய்விட்டது. திரும்பக் கேட்கப் பயந்து, இரண்டு பேருக்கும் பிடித்ததைச் சொல்லிவிட்டேன்.”

துல்லியுஸ் அதன் கழுத்தைப் பிடித்தார்.

“விடுங்கள்” என்றாள் பிரிஸ்கா. “இத்தனை சின்னத் தலைக்குள் ஊரையே திணித்தது நாம்தானே?”

நேரே வீட்டுக்குப் போனாள். வாசல் கதவைக் கழற்றி, சுவருக்கென்று வைத்திருந்த சுண்ணாம்பை அதன்மேல் பூசி, காயவைத்து, சந்தைத் திடலுக்குச் சுமந்து வந்தாள்.

“யார் முறை என்று இதில் கரியால் எழுதுங்கள்” என்றாள் தலைவரிடம்.

“கதவில்லாமல் எப்படி இருப்பாய்?”

“செடி காய்ந்த பிறகு கதவு எதற்கு?”

அவர் எழுதினார். அன்றைய முறை துல்லியுஸுடையது. வாடிய அவரைக்கொடிகள் பிரிஸ்காவின் கண்முன் வந்தன; ஆனாலும் துல்லியுஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். துல்லியுஸ் அதை இரண்டு தடவை படித்தார்.

“எனக்குப் பாதி நாள் போதும்” என்றார். “மத்தியானத்துக்கு மேல் மடையை உங்கள் பக்கம் திருப்பிவிடுகிறேன்.”

“அதையும் எழுதிவிடுங்கள்” என்றாள் பிரிஸ்கா. ஊரே சிரித்தது.

“அப்படியானால் எனக்கு வேலை போயிற்றா?” என்றது மைனா.

“படிக்கத் தெரியாதவர்களுக்கு நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றாள் பிரிஸ்கா.

அவர்கள் மொழியில் ‘ஆல்புஸ்’ என்றால் வெள்ளை. அன்று முதல்தான் ஊரார் பார்க்க எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு ‘ஆல்பும்’ என்று பெயர் வந்தது. பலகை போய் வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்த புத்தகம் வந்த பிறகும், கல்யாணப் படங்களை ஒட்டிவைக்கும் புத்தகத்தை நாம் ஆல்பம் என்றே அழைக்கிறோம்.