இரவல் போன முள்ளெலி

ஊர்சுற்றி அணிக்குச் சொந்த மைதானம் கிடையாது. நாரை கேப்டன். கழுதை, உடும்பு, எருமை, காட்டுக்கோழி என்று மொத்தம் பதினொரு பேர். எந்தக் காட்டில் கூப்பிட்டாலும் போவார்கள், கிரிக்கெட் ஆடுவார்கள், போட்டதைச் சாப்பிடுவார்கள், அடுத்த காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அப்படித்தான் ஒரு நாள் காலை ஏரிக்கரைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர்தான் இருந்தார்கள். வருகிற வழியில் எருமை ஒரு சேற்றுக் குட்டையைப் பார்த்துவிட்டது. அதற்குமேல் அதை யாராலும் கிளப்ப முடியவில்லை.

ஆள் குறைந்தால் ஊர்சுற்றி அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரோடு ஆட வந்திருக்கிறார்களோ அவர்களிடமே ஓர் ஆளை இரவல் கேட்பார்கள். அந்த ஆள் அன்று ஒரு நாள் மட்டும் தன் சொந்தப் பள்ளிக்கு எதிராக ஆட வேண்டும்.

பள்ளி அணியின் கேப்டன் கீரி. அது யோசிக்கவே இல்லை. முள்ளெலியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டது.

முள்ளெலி இரண்டு வருடமாக அணியில் இடம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாட்ச்சில்கூடச் சேர்த்ததில்லை. காரணம் அதன் முதுகு. பயிற்சியின்போது ஒருமுறை பந்து வந்து அதன் முள்ளில் குத்திக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து பிடுங்கியதில் பந்து சல்லடையாகிவிட்டது. அன்றோடு முள்ளெலியை ஓரம் கட்டிவிட்டார்கள்.

இப்போது முள்ளெலிக்குத் தலைகால் புரியவில்லை. எந்த அணியானால் என்ன, ஆட்டம் ஆட்டம்தானே? நாரையின் பின்னாலேயே நடந்து கேள்வி மேல் கேள்வி கேட்டது. எங்கே தூங்குவீர்கள்? மழை வந்தால் என்ன செய்வீர்கள்? கழுதையை ஏன் விக்கெட் கீப்பராக வைத்திருக்கிறீர்கள்? நாரை சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. கழுதைக்கு ஓடப் பிடிக்காது, அதனால் கீப்பராம்.

முள்ளெலிக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"அண்ணே, எதிரணி ஆளை வாங்கிக்கறீங்களே. அவன் வேணும்னே மோசமா ஆடினா?"

"ஆடினா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றது நாரை. "ஆள் வேணும், கேக்கறோம். வந்தவன் எங்க ஆளு. அவ்வளவுதான்."

இது என்ன அணி என்று முள்ளெலிக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன் பள்ளியில் பந்தை எடுத்து வைக்கிறவனைக் கண்காணிக்கவே இரண்டு பேர் உண்டு.

ஊர்சுற்றி அணி முதலில் ஆடி எழுபத்திரண்டு ரன் எடுத்தது. அதில் கடைசி ஒரு ரன் முள்ளெலியுடையது. உருண்டே ஓடி எடுத்துவிட்டது. கழுதை அதைப் பாராட்டிக் கத்தியதில் ஏரியிலிருந்த வாத்துகளெல்லாம் எழுந்து பறந்தன.

இடைவேளையில் கீரி முள்ளெலியைப் புளியமரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது.

"பந்து உன்கிட்ட வந்தா முள்ளை மடக்கிக்கோ. முதுகுல பட்டு உருண்டுடும். ஒருத்தருக்கும் தெரியாது."

முள்ளெலி ஓரடி பின்னால் நகர்ந்தது.

"அடுத்த மாட்ச்ல உனக்கு டீம்ல இடம் தர்றேன். மாத்திச் செஞ்சேன்னு வெச்சுக்கோ, இந்த ஸ்கூல்ல படிக்கிற வரைக்கும் நீ வேடிக்கைதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கீரி பேட்டை எடுத்துக்கொண்டு போனது.

முள்ளெலி எல்லைக்கோட்டில் நின்று தவித்தது. முள்ளை மடக்குவது பெரிய வேலையா? தூங்கும்போது தானாகவே மடங்கிவிடும். சொந்தப் பள்ளி ஜெயித்தால் என்ன தப்பு? நாரைக்கு அடுத்த காடு போவதற்குள் எல்லாம் மறந்துவிடும். நியாயங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் காலையிலிருந்து அந்த அணியில் ஒருவர்கூடத் தன்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லையே என்பதுதான் அதற்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஆட்டம் இழுபறியாகப் போனது. கடைசிப் பந்து. பள்ளிக்கு ஒரே ஒரு விக்கெட் பாக்கி. இரண்டு ரன் எடுத்தால் ஜெயிக்கலாம். மட்டை பிடித்து நின்றது கீரி.

கீரி ஓங்கி அடித்தது. பந்து உயரப் போய், நேராக முள்ளெலி நின்ற பக்கமே இறங்கியது. கீரி ஓடிக்கொண்டே அதைப் பார்த்தது. முள்ளெலியும் கீரியைப் பார்த்தது. அணியில் கேட்ட இடம் ஒரு பக்கம், ஏற்றுக்கொண்ட வேலை ஒரு பக்கம்.

முள்ளெலி பந்துக்கு அடியில் போய்ச் சுருண்டது. ஒரு முள் விடாமல் நிமிர்த்திக்கொண்டது. பந்து சதக்கென்று வந்து குத்தி நின்றது.

கையால் பிடிக்கவில்லை என்று பள்ளிக் கூட்டம் கூச்சல் போட்டது. அம்பயர் ஆமை மெதுவாக நடந்து வந்து, முள்ளெலியை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து பார்த்தது.

"தரையில படலை. அவுட்" என்றது.

ஊர்சுற்றி அணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. முள்ளெலியோடு பள்ளியில் யாரும் பேசவில்லை. அது தனியாக உட்கார்ந்து அழுதது. செய்தது சரி என்று தெரிந்தாலும் அழுகை வரத்தானே செய்யும்.

ஒரு வாரம் கழித்து மலையடிப் பள்ளியோடு மாட்ச் வந்தது. கீரி அணிப் பட்டியல் எழுத உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த அணில்தான் பள்ளி அணியில் எல்லைக்கோட்டில் வழக்கமாக நிற்கிற ஆள். புளியமரத்துக்குப் பின்னால் நடந்த பேச்சு, கீரியே சொல்லி அதற்குத் தெரியும். அது கேப்டனைக் குளிரவைக்க நினைத்தது.

"அந்த முள்ளெலிக்கு என்ன திமிரு பாருங்கண்ணே. நானா இருந்தா, நீங்க சொன்ன உடனே பந்தை விட்டிருப்பேன்."

கீரி எழுதுவதை நிறுத்தியது. இவன் விட்டிருப்பான். நான் சொன்னால் விடுகிறவன், நாளைக்கு மலையடிக் கேப்டன் நல்லதாக ஏதாவது தருகிறேன் என்றால் விடமாட்டானா? கீரிக்கு முதல்முறையாக அந்தக் கேள்வி தோன்றியது. தோன்றிய பிறகு போகவே இல்லை.

அது அணிலின் பெயரை அடித்துவிட்டு, அதே இடத்தில் முள்ளெலி என்று எழுதியது.

ஒப்புக்கொண்ட பக்கத்துக்கு உண்மையாக நிற்பவனை, அவனால் தோற்றவர்களும் ஒருநாள் தேடி வந்து நம்புவார்கள்.